நீ கடைசியாக வா

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் முண்டா பிடி பாதையைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனபோது நான் அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ எண்ணியிருக்கக்கூடும், அப்படியல்ல. நண்பர்கள் ஆறு பேராக, மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கு அருகிலுள்ள முண்டாறிங்கில் தொடங்கித் தென்கரையிலுள்ள அல்பனி வரை, ஏறக்குறைய 1000 கிலோமீற்றரைப் பதினான்கு நாளில் சைக்கிளில் கடக்கப் போகிறீர்கள் என்று நீ சொன்னதும் என் மனம் கணக்கில் இறங்கிவிட்டது. அந்தக் கணக்கையும், உன்னிடம் நான் கேட்க விரும்பும் ஒன்றையும் ஆறுதலாக எழுத்தில் சொல்வதே நல்லது என்று பட்டது.

பதினான்கு நாள் என்றால் நாளொன்றுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். தார் வீதியில், சுமையில்லாத சைக்கிளில், உன் வயதில் அது பெரிய தூரமல்ல. ஆனால் நீங்கள் போவது தார் வீதியில் அல்ல. முண்டா பிடி என்றால், அந்த நிலத்துப் பழங்குடிகளான நூங்கார் மக்களின் மொழியில், காட்டினூடாகச் செல்லும் பாதை என்று பொருள். 2013ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதை, பெயருக்கேற்ப, ஜாரா மரக்காடுகளுக்குள்ளும், தெற்கே போகப்போக அண்ணாந்து பார்த்தாலும் நுனி தெரியாத காரி மரங்களுக்குள்ளும் புகுந்துதான் போகிறது. அந்த நிலத்தில் இரும்புக்கல் சரளை பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாகப் பரவிக் கிடக்கும். சிமெந்துத் தரையில் மஞ்சாடி விதைகளைக் கொட்டிவிட்டு அவற்றின்மேல் நடந்து பார்த்தால் அதன் குணம் விளங்கும்: சறுக்குகிறது என்று அறிவதற்குள் சறுக்கி முடிந்துவிடும். உணவும் உறங்குபையும் ஏற்றிய சைக்கிளில், அப்படிப்பட்ட இடத்தில், நாளுக்கு ஐம்பது கிலோமீற்றரே நிறைவான பயணம். ஆகவே இருபது நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு விடுமுறை கிடைக்காவிட்டால் வழியிலுள்ள ஊர்களான கொலியிலோ நனப்பிலோ நிறுத்திவிட்டு மிகுதியை அடுத்த ஆண்டு செய்யுங்கள். பலர் அப்படித் துண்டு துண்டாகத்தான் முடிக்கிறார்கள்.

நாட்கணக்கைத் திருத்துவது எளிது. என்னை உறங்கவிடாமல் செய்தது நீ போகிறபோக்கில் சொன்ன இன்னொரு வசனம். உங்களில் ஒருவர் இதுவரை நகரத்துக்கு வெளியே சைக்கிள் மிதித்ததே இல்லை என்று சொன்னாய். அவரை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய்க் காத்திருப்போம், அம்மா" என்றாய். அந்தக் காத்திருப்பை மறுபக்கத்திலிருந்து அறிந்தவள் நான் என்பதால், அதை உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீ பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டில் நான் கிரேட் விக்டோரியன் பைக் ரைட் என்ற சைக்கிள் பெருஞ்சவாரிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். 1984இல், விக்டோரியா மாநிலத்தின் 150 ஆண்டு நிறைவுக் கொண்டாட்டங்களின் ஒரு பகுதியாக, வொடொங்காவிலிருந்து மெல்பேர்ண் வரை ஒரே ஒருமுறை நடத்துவதற்கென்று தொடங்கிய பயணம் அது. முதல்முறையே 2000 பேருக்கு மேல் வந்தார்கள். வந்தவர்கள் அதை ஒருமுறையோடு நிறுத்த விடவில்லை. 2004இல் கிரேட் ஓஷன் ரோட் கரைவழியே போனபோது 8000 பேருக்கு மேல் மிதித்தார்கள். பாரவண்டிகள் பயணிகளின் பைகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விடும். மாலையில் ஏதாவது ஒரு சிற்றூரின் காற்பந்துத் திடல், அங்கு முன்பு இருந்திராத ஒரு கூடார நகரமாக மாறியிருக்கும். விடியற்காலையில் முதலில் ஒரு கூடாரத்தின் ஸிப் திறக்கும் ஓசை கேட்கும். பிறகு இரண்டு, பத்து, நூறு என்று அந்த ஓசை திடல் முழுவதும் பரவும்போது, மழை தூறத் தொடங்குவதுபோல் இருக்கும். அந்த ஓசைக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று இன்றும் நான் நினைப்பதுண்டு.

நான் அந்தச் சவாரிக்குத் தெரிந்தவர்கள் ஐந்து பேரோடு போனேன். நல்லவர்கள், என்னைக் கைவிட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் என்னைவிட வேகமானவர்கள், உங்களைப் போலவே முன்னால் போய்க் காத்திருப்பது என்று ஒப்புக்கொண்டவர்கள். நான்காம் நாள், மேற்கு விக்டோரியாவின் சமவெளியில், மரமில்லாத நேர்வீதியில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. இருபுறமும் அறுவடைக்கு நின்ற கோதுமை எங்களை நோக்கியே சாய்ந்து கிடந்தது. அவர்கள் ஒரு மேட்டில் இருந்து தண்ணீர் குடித்து, பழம் தின்று, கால் நீட்டி இளைப்பாறுவார்கள். நான் மூச்சு வாங்கியபடி போய்ச் சேர்ந்ததும், "சரி, வந்துவிட்டீர்கள், போவோம்" என்று எழும்புவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு தரிப்பிலும் கால்மணி நேர ஓய்வு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சைக்கிளில் இருந்து ஒரு காலைத் தரையில் ஊன்றும் நேரம் மட்டுமே. ஓய்வு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே மிகக் குறைவாகக் கிடைக்கும்படி அந்த ஏற்பாடு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் "காத்திருந்தோம்" என்ற நிறைவோடு இருந்தார்கள்.

மூன்றாவது தரிப்பில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. போத்தலைத் திறந்தால் அவர்கள் இன்னும் ஒரு நிமிடம் நிற்க வேண்டுமே என்ற வெட்கம். அடுத்த மணித்தியாலத்தில் இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. வீதியோரப் புல்லில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருந்தேன். முன்னால் போனவர்கள் கண்ணுக்கு எட்டாத் தூரத்தில் இருந்தார்கள். இயலாதவர்களை ஏற்றிச் செல்லப் பின்னால் ஒரு வண்டி வரும் என்பது தெரியும். ஆனால் அதில் ஏறிவிட்டால் இனி ஒருபோதும் மிதிக்கமாட்டேன் என்றும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்து நின்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. உப்புச் சேர்த்த பானம் ஒரு போத்தல் தந்து, நான் அதை முழுவதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகு, தன் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் வரும்படி சொன்னார். முன்னவரின் மறைவில் செல்பவருக்கு ஏறக்குறைய கால்பங்கு உழைப்பு மிச்சமாகும் என்று நான் வாசித்திருந்தேன். ஆனால் வாசித்தது வேறு, காதோரம் இரைந்துகொண்டிருந்த காற்று ஒரு கதவைச் சாத்தியதுபோல் நின்றது வேறு. அவருடைய பின்சக்கரத்தின் சேறுகாப்பில் ஒரு வெடிப்பு இருந்தது; யாரோ அதைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். திடல்வரை பதினெட்டுக் கிலோமீற்றரும் நான் பார்த்துக்கொண்டு வந்தது அந்தத் தையலைத்தான். எத்தனை இழை என்றுகூட இன்றும் சொல்வேன், பதினொன்று. பள்ளம் வந்தால் கையைத் தாழ்த்திக் காட்டினார். பின்னால் வாகனம் வந்தால் குரல் கொடுத்தார். திடலுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, என்னை முன்னால் போகவிட்டு, தான் பின்னால் வந்தார்.

உன் அம்மப்பா இதை எந்தச் சவாரியும் போகாமலே அறிந்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் ஏறக்குறைய முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நாங்களும் கொக்குவிலில் இருந்து இரண்டு சைக்கிள்களோடு புறப்பட்டோம். அவருடைய சைக்கிளின் கரியரில் உன் பூட்டி இருந்தார்; என்னுடையதில் அரிசியும் பானைகளும். மழை. மிதிக்க இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. பலமுறை நான் சனத்துக்குள் இடைவெளி கண்டு முன்னேறப் பார்த்தேன். அவர் என்னை முன்னால் விட்டுத் தான் பின்னாலேயே வந்தார். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய பிறகு ஏன் என்று கேட்டேன். "முன்னுக்குப் போனால் பின்னுக்கு என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே, மகனே, நான் கேட்பது இதுதான்: நீ கடைசியாக வா. உங்கள் ஆறு பேரில் நீதான் பலசாலி என்று உன் பேச்சிலிருந்தே தெரிகிறது. குழுவில் மிகவும் மெதுவாக வருபவர் கடைசியாக வரக்கூடாது. அவருக்குப் பின்னால் உன்னைப்போல் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். முன்னால் யார் போனாலும் வழிகாட்டிக் குறிகளைப் பார்த்துப் போய்விடலாம். பின்னால் வருபவருக்கே பொறுப்பு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும்.

இதை ஏற்றுக்கொண்டாயானால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும். காற்றடிக்கும் பம்பும், ரியூப்புக்கு ஒட்டுப்போடும் சாமான்களும், சங்கிலி இணைக்கும் கருவியும் உன் பையில் இருக்கட்டும். ஏனென்றால் முன்னால் போகிறவரிடம் கருவி இருந்து, பின்னால் உள்ளவரின் சங்கிலி அறுந்தால், அந்தக் கருவி அவரைவிட்டு நிமிடத்துக்கு நிமிடம் தூரப் போய்க்கொண்டிருக்கும். உன் பையில் இருந்தாலோ, யாருக்கு எது உடைந்தாலும் நீ அவரை வந்தடைந்தே தீருவாய். அவசர உதவிச் சமிக்ஞைக் கருவியையும் நீயே வைத்துக்கொள். அந்தக் காட்டில் பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. அந்தக் கருவி 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குச் செய்தி அனுப்பும்; வாங்கியதும் அவுஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிந்துகொள், அதற்குக் கட்டணம் இல்லை.

பாதை பிரியும் ஒவ்வொரு சந்தியிலும், தனக்குப் பின்னால் வருபவரைக் கண்ணால் காணும்வரை அங்கேயே நிற்பது என்று ஆறு பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். தரிக்கும் இடங்களில் ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். இது ஒன்றைச் செய்தாலே உன் நண்பருக்கு நான் பட்டது நேராது. ஒருவர் சக்கரத்தோடு ஒருவர் ஒட்டிப் போவது தார் வீதிக்கு மட்டுந்தான். சரளையில், அதிலும் இறக்கத்தில், முன்னவர் விழுந்தால் நீங்கள் நிறுத்திக்கொள்ளும் அளவுக்குத் தள்ளியே வாருங்கள்.

இளவேனிலில் போகிறீர்கள், காட்டுப்பூக்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பாம்புகளும் வெயில் காய வெளியே வரும் காலம் அது. அந்தப் பகுதியில் டுகைட்டும் டைகர் ஸ்நேக்கும் உண்டு, இரண்டும் கொடிய நஞ்சுள்ளவை. அகலமான இழுவைப் பந்தனம், அதாவது இழுபடும் கட்டுத்துணி, குறைந்தது மூன்று கொண்டு போங்கள். கடித்த இடத்தைக் கழுவக்கூடாது. காலானால் கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, தடி வைத்துக் கட்டி, அந்த ஆளை ஓர் அடிகூட நடக்கவிடாமல் படுக்க வைத்து உதவியை அவரிடம் வரவழைக்க வேண்டும். இதைப் புறப்படுமுன் ஒருவர் காலில் ஒருவர் கட்டிப் பழகுங்கள். ஒரு நாள் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் தங்குகுடில்களின் தாங்கிகளில் மழைநீர் இருக்கும். இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

இன்னொன்று, இதை மறக்காதே. ஜாரா மரங்களையும் பாங்க்சியாக்களையும் வேரோடு அழுகச் செய்யும் டைபேக் என்னும் நோய் அந்த மண்ணில் இருக்கிறது. ஈர மண் ரயரிலும் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். துலக்கும் தூரிகை வைத்திருக்கும் இடங்களில் எத்தனை களைப்பானாலும் இறங்கிச் சக்கரத்தைத் துலக்குங்கள். மழை பெய்த மறுநாள் மூடியிருக்கும் பாதையில் குறுக்கே புகாதீர்கள். மற்றவர்கள் அவசரத்தில் விட்டாலும் பின்னால் வரும் நீ கவனிப்பாய் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

பயற்றம் பணியாரம் செய்து, ஆறு பேருக்கும் ஆறு பொட்டலமாகக் கட்டி, கொலி தபாலகத்துக்கு உன் பெயரில் பொதியாக அனுப்புகிறேன். பழமும் தேனும் வைக்கவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் அவற்றைக் கொண்டுவர விடமாட்டார்கள். கொலியை அடைந்ததும் எனக்கு அழைப்பு எடு. அன்றைக்கு உன் நண்பரோடும் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவருக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா