பழைய நெற்களஞ்சியத்தைச் சுற்றிக்காட்டுவதாகக் கூறி ஏமாற்றியது தொடர்பாக

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கரையில் நீங்கள் உணவகமாக மாற்றி நடத்தும் பழைய நெற்களஞ்சியத்துக்குக் கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவைக் கூட்டி வந்தேன். அப்பாவுக்கு 79 வயது. இளவயதில் அங்கே நாட்டாமியாக மூட்டை சுமந்தவர். உங்கள் விளம்பரப் படத்தில், வாசல் நிலையில் ஆணியால் கீறிய கோடுகளைக் கண்டதும், "இது நாங்க போட்ட மூட்டைக் கணக்கு" என்றார். அதைப் பார்க்கத்தான் ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டி முற்பதிவு செய்தேன்.

வந்து பார்த்தால் நிலை முழுக்க வெள்ளைப் பெயின்ட். அப்பா விரலால் மேலும் கீழும் தடவித் தேடினார். இடுப்பளவு உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் நாலு கோடும் குறுக்கே ஒன்றும் லேசாகத் தட்டுப்பட்டன. அதில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். இல்லாததைப் படம் போட்டுக் காசு வாங்குவது எந்த வகையில் நியாயம்?

தராசு இருக்கும் பின்னறை அன்று பூட்டியிருந்தது. ஏதோ விருந்தாம். முற்பதிவின்போது யாரும் சொல்லவில்லை.

சுற்றிக்காட்டிய தம்பி மரியாதையான பிள்ளை, அவரில் குறையில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான் பிழை. சுவர்ப் பலகையில் '1628இல் ஒல்லாந்தர் கட்டிய மட்டக்களப்புக் கோட்டை' என்று இருக்கிறது. 1628இல் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் 1638இல் அதைப் பிடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துப் போகிறார்கள். ஆனால் நெல்லைப் பற்றி அங்கே ஒரு வரி இல்லை. வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்ததே 2014இல்தான். அதற்கு முன் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் நெல், 'பாதை' என்ற மிதவையிலும் தோணியிலும் வாவியைக் கடந்து வந்ததையும், அதை இறக்கிச் சுமந்தவர்களையும் எழுத இடமில்லையா?

கட்டிய 3,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பலகையைத் திருத்துங்கள். நிலையிலுள்ள பெயின்டை மரம் காயப்படாமல் சுரண்டி எடுங்கள். கோடு இன்னும் உள்ளே இருக்கிறது. அதுவரை அந்தப் படத்தை விளம்பரத்திலிருந்து நீக்குங்கள். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதியும் விளம்பரப் படமும் இத்துடன் உள்ளன.

வேலை முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள். அப்பாவை மறுபடி கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கல்லடி