வட்டி குறையுமா என்று கேட்ட மகனுக்கு

மாட்டுங்கா,
மும்பை

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்துவிட்டு வருகிறார். நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கப்போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, அதுக்கு முன்னாடியே போனஸ் பணத்தை மொத்தமா பேங்க் ஷேர்ல போட்டுடட்டுமா?" என்றாய். வட்டி குறைந்தால் பங்குச் சந்தைக்கு நல்லது என்று நீ படித்தது சரிதான். எனக்குக் கவலை தந்தது 'எல்லாரும் சொல்றாங்க' என்றாயே, அந்த இடம்தான்.

அந்த எல்லோரும் யார்? மியூச்சுவல் ஃபண்ட் நடத்துகிறவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், வங்கிகளின் சொந்த முதலீட்டைக் கவனிக்கிற டிரஷரிக்காரர்கள். வட்டி குறையும் என்று அவர்களுக்குத் தோன்றிய அன்றைக்கே வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தாதரில் தார்ப்பாய் எப்போது விலை ஏறும் என்று உனக்குத் தெரியுமே. மே மாதக் கடைசியிலேயே ஏறிவிடும். ஜூனில் முதல் மழை கொட்டுகிற அன்று கடைக்காரர் விலையைக் கூட்டுவதில்லை, மழை வரும் என்பது ஏற்கனவே அந்த விலைக்குள் இருக்கிறது. அந்த வருஷம் மழை தள்ளிப்போனால்தான் விலை சரியும். நீ வெள்ளிக்கிழமைக்காக வாங்க நினைக்கிற பங்கின் விலைக்குள்ளும், எல்லோரும் எதிர்பார்க்கிற அந்தக் கால் சதவீதக் குறைப்பு இப்போதே உட்கார்ந்திருக்கிறது.

ஃபோர்ட்டில் நான் வேலை பார்த்த, சந்தையில் வாங்கி விற்கிற டீலிங் ரூமில் ஒரு பழக்கம் இருந்தது. ரிசர்வ் வங்கியின் தலைமை அலுவலகம் அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஆனாலும் உள்ளே என்ன முடிவாகப்போகிறது என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கொள்கை அறிவிப்புக்கு முதல் நாள் சாயங்காலம் சீனியர் டீலர் நாலைந்து பேருக்குப் போன் போட்டு, சந்தை என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். வட்டி எவ்வளவு மாறும், பணவீக்கக் கணிப்பைக் கூட்டுவார்களா குறைப்பார்களா, இனி வட்டி எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டுகிற கொள்கை நிலைப்பாடு பற்றி என்ன சொல் வரும், மூன்றே வரி. அதைத் திரைக்குப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைப்பார். மறுநாள் அறிவிப்பு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் அந்தச் சீட்டுக்குத்தான் போகும். சீட்டில் இருந்தது அப்படியே வந்தால் அறை அமைதியாக இருக்கும். ஒரு வரி மாறியிருந்தால் போதும், அத்தனை போனிலும் ஒரே சமயத்தில் சத்தம் கிளம்பும். வட்டி ஏறியதா இறங்கியதா என்பதை வைத்து அந்தச் சத்தம் வருவதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

இதைப் புரிந்துகொள்ள 2022 மே 4-ஐ எடுத்துக்கொள். வட்டியை முடிவு செய்கிற ரிசர்வ் வங்கிக் குழு அப்போது கூடும் என்று முன்கூட்டி அறிவிக்கவே இல்லை. ஜூனில்தான் அடுத்த கூட்டம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எல்.ஐ.சி. பங்கு வெளியீடு தொடங்கிய நாளும் அதுதான், ஊரெல்லாம் அதே பேச்சு. மதியம் 2 மணிக்கு அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் திடீரென்று வந்து ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கிற குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டிய பங்கு, அந்த ரொக்கக் கையிருப்பு விகிதத்தையும் அரை சதவீதம் கூட்டினார். பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அன்றைக்கு ராத்திரியே அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அதைவிடப் பெரிதாக, அரை சதவீதம் வட்டியை உயர்த்தியது. 2000-க்குப் பிறகு ஒரே தடவையில் அவ்வளவு உயர்த்தியது அதுதான் முதல் முறை. அங்கே சந்தை விழுந்திருக்க வேண்டும் இல்லையா? எஸ் அண்ட் பி 500 குறியீடு கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறியது. காரணம், அந்த அரை சதவீதத்தை எல்லோரும் வாரக்கணக்கில் எதிர்பார்த்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் முக்கால் சதவீதம் உயர்த்திவிடுவார்களோ என்றுதான் பயம். ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பவல் அப்படி ஒரு யோசனை இப்போது தீவிரமாக இல்லை என்று சொன்னதும் மூச்சு விட்டார்கள். அப்புறம், அந்த நிம்மதியும் ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாளே ஏறியது முழுவதும் போய், அதற்கு மேலும் இறங்கியது. பணவீக்கம் அவ்வளவு சுலபமாக அடங்காது என்று அதே ஆட்கள் ஒரே ராத்திரியில் மனம் மாறியிருந்தார்கள். கடைசியில் ஜூனில் ஃபெடரல் ரிசர்வ் முக்கால் சதவீதம் உயர்த்தவும் செய்தது.

வட்டி குறைகிற பக்கமும் இதே கதைதான். 2025 பிப்ரவரி 7 அன்று, கிட்டத்தட்ட ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ரெப்போ வட்டி குறைந்தது, 6.50-லிருந்து 6.25. புது கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ராவின் முதல் கொள்கை அறிவிப்பு. நீ படித்த விதிப்படி சந்தை துள்ளியிருக்க வேண்டும். சென்செக்ஸ் கிட்டத்தட்ட 200 புள்ளி இறங்கி முடிந்தது. எதிர்பார்த்த கால் சதவீதம் வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அதே வருஷம் ஜூன் 6-ல் கால் சதவீதம் குறையும் என்று பெரும்பாலானோர் நினைத்திருக்க, அரை சதவீதம் குறைத்தார்கள். ரொக்கக் கையிருப்பு விகிதத்தையும் நாலு தவணையாக 1 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள். சென்செக்ஸ் 700 புள்ளிக்கு மேல் ஏறியது. ஆனால் நான் அன்றைக்குப் பார்த்தது பத்தாண்டு அரசுப் பத்திரத்தைத்தான். வட்டி இவ்வளவு குறைந்த அன்று பத்திரத்தின் ஈட்டு விகிதமும், அதாவது அன்றைய விலைக்கு வாங்கினால் அதில் கிடைக்கிற வருமான விகிதமும், இறங்க வேண்டும், அதுதான் முறை. அன்று அது ஏறியது. நிலைப்பாட்டைத் 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை' என்று மாற்றியிருந்தார்கள். இதற்கு மேல் குறைக்க அதிக இடமில்லை என்று கவர்னரே சொல்லிவிட்டார். பங்குக்காரர்கள் அன்று கிடைத்ததைப் பார்த்தார்கள், பத்திரக்காரர்கள் அடுத்த வருஷத்தைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், வட்டி விஷயத்தில் பத்திரச் சந்தை சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். அவர்களுக்கு அதுதான் முழுநேரத் தொழில்.

சரி, கால் சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் என்று நீ கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு கம்பெனி பத்து வருஷம் கழித்து உனக்கு 100 ரூபாய் சம்பாதித்துத் தரும் என்று வைத்துக்கொள். வட்டி 7 சதவீதம் என்றால் அந்த 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 50 ரூபாய் 83 காசு, அதாவது இன்று அவ்வளவைப் போட்டால் பத்து வருஷத்தில் 100 ஆகும். 6 சதவீதம் என்றால் 55 ரூபாய் 84 காசு. கம்பெனியில் ஒரு ஆணிகூட மாறவில்லை, மதிப்பு மட்டும் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே 100 ரூபாய் அடுத்த வருஷமே வருவதாக இருந்தால் வித்தியாசம் ஒரு ரூபாய்கூட இல்லை. லாபம் எல்லாம் எதிர்காலத்தில்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிற புதுக் கம்பெனிகளின் பங்குகள் வட்டிப் பேச்சு எழுந்தாலே ஏன் அப்படிக் குதிக்கின்றன, விழுகின்றன என்பது இதிலிருந்து புரியும். இந்தக் கணக்கில் போடுவது ரெப்போ வட்டியை மட்டும் அல்ல என்பதையும் கவனி. அடுத்த பல வருஷங்களுக்கு வட்டி எப்படி இருக்கும் என்ற மொத்த எதிர்பார்ப்பு அது. அதனால்தான் கவர்னரின் அறிக்கையில் ஒரே ஒரு சொல் மாறினாலும் இத்தனை கோடி ரூபாய் இடம் மாறுகிறது.

இப்போது நீ குறிவைத்திருக்கிற பேங்க் பங்குகளுக்கு வருகிறேன். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து வீட்டுக் கடன் மாதிரி புதிதாகக் கொடுக்கிற மாறும் வட்டிக் கடன்களை வங்கிகள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியை மாற்றி அமைக்க வேண்டும். ரெப்போ குறைந்தால் கடன்காரர் கட்டுகிற வட்டி சட்டென்று குறையும். ஆனால் உன் மாமா போன வருஷம் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு அது முதிர்கிற வரை பழைய வட்டியைத்தான் கொடுத்தாக வேண்டும். வருகிற வட்டி உடனே குறைகிறது, கொடுக்கிற வட்டி மெதுவாகக் குறைகிறது, நடுவில் வங்கியின் லாபம் சில காலாண்டுகளுக்கு மெலியும். கையில் இருக்கிற அரசுப் பத்திரங்களின் விலை ஏறுவதால் கொஞ்சம் ஈடாகும், கடன் கேட்டு வருகிறவர்களும் கூடுவார்கள், அதுவும் உண்மை. ஆனால் வட்டி குறைந்தால் எல்லா வங்கிக்கும் உடனே லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதே. சந்தையில் கடன் வாங்கி, வண்டிக் கடனை நிலையான வட்டியில் கொடுக்கிற நிதி நிறுவனங்களுக்கு இதே குறைப்பு நேர் எதிராக, உடனே சாதகமாக வேலை செய்யும்.

வட்டியை ஏன் குறைக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள். பணவீக்கம் அடங்கிவிட்டது, 4 சதவீத இலக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அதனால் குறைக்கிறார்கள் என்றால் அது நல்ல குறைப்பு. பொருளாதாரம் தடுமாறுகிறது, அதைத் தூக்கி நிறுத்தக் குறைக்கிறார்கள் என்றால் கம்பெனிகளின் லாபமும் சேர்ந்து குறையும். 2020 மார்ச் 27 உனக்கு ஞாபகம் இருக்கும், ஊரடங்கு தொடங்கிய அதே வாரம். ஒரே மூச்சில் முக்கால் சதவீதம் குறைத்தார்கள். காலையில் துள்ளிய சென்செக்ஸ் சாயங்காலம் இறங்கித்தான் முடிந்தது.

அப்புறம் நீ போனில் லேசாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாயே, வெள்ளிக்கிழமை காலை ஆப்ஷன் வாங்கிப் பார்க்கலாம் என்று, அதை அம்மா கேட்காத மாதிரி விட முடியாது. ஆப்ஷன் என்பது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ கிடைக்கிற உரிமை, அதற்குக் கொடுக்கிற விலைதான் பிரீமியம். அறிவிப்புக்கு முன்னால் என்ன நடக்குமோ என்ற பதற்றத்தில் அந்தப் பிரீமியம் ஊதிப்போய் இருக்கும். 10 மணிக்கு கவர்னர் பேச ஆரம்பித்து முடிவு தெரிந்ததும் அந்தப் பதற்றம் போய்விடும், பிரீமியமும் சேர்ந்து வடிந்துவிடும். சந்தை நீ நினைத்த பக்கமே போனாலும் உன் ஆப்ஷன் நஷ்டத்தில் நிற்கலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். ராத்திரி பகலாக வேலை பார்த்து நீ சம்பாதித்த பணத்தை அந்த வரிசையில் கொண்டுபோய் வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன், வேண்டாம்.

பங்கே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்குள் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றாயே, அந்தப் பணம் டெபாசிட்டில்தான் இருக்க வேண்டும். இன்றைக்குக் கிடைக்கிற வட்டியில் பூட்டிவிடு, குறைந்த பிறகு போட்டால் உனக்குத்தான் நஷ்டம். மீதியை மாதாமாதம் பிரித்துப் போடு. எந்த வெள்ளிக்கிழமை என்ன அறிவித்தாலும் அதற்காகத் தேதியை மாற்றாதே.

இந்த விஷயத்தில் ஆசை இருக்கிறது என்றால் தாராளமாகக் கற்றுக்கொள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. வியாழக்கிழமை ராத்திரி அந்த மூன்று வரிச் சீட்டை நீயும் எழுது. பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம் போன மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுது, டிவியில் கத்துவதை வைத்து எழுதாதே. எழுதினதும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, நானும் என்னுடையதை அனுப்புகிறேன். கூட்டம் முடிந்து 14-வது நாள், வட்டியை முடிவு செய்கிற அந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகும். ஆறு பேரில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், ஏன் என்று அவரவர் எழுதியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் யார் மனம் மாறக்கூடும் என்று அதைப் படித்தால்தான் தெரியும். அந்த வாரக் கடைசியில் நீ இங்கே வருவதாகத்தானே இருக்கிறது, டிக்கெட்டை மட்டும் சீக்கிரம் போட்டுவிடு, சேர்ந்தே படிக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா