உங்களை எவ்வளவுக்கு வாங்கினார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நாடகக் கட்டுரையைப் படித்தேன். மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் நாடகங்களில் வரும் பெண்கள் எல்லாரும் கடைசியில் தோற்றுப் போகிறார்கள், வீட்டை விட்டு வெளியேற ஒருத்திக்கும் துணிவில்லை என்று குறைப்பட்டிருந்தார் கட்டுரையாளர். எனக்கு ஒப்பவில்லை.

அவருடைய 'கமலா' நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்களை விலைக்கு விற்கிறார்கள் என்று அம்பலப்படுத்த ஒரு பத்திரிகையாளர் 250 ரூபாய் கொடுத்து கமலாவை வாங்கி, டெல்லியில் தன் வீட்டுக்கே கூட்டிவருகிறார். அவர் மனைவி சரிதாவிடம் கமலா கேட்கிறாள்: உங்களை எவ்வளவுக்கு வாங்கினார்? சரிதாவும் 700 ரூபாய் என்று சொல்லிவைக்கிறாள். உடனே கமலா பாகப்பிரிவினையே செய்துவிடுகிறாள்: வீட்டு வேலை எனக்கு, கணக்குவழக்கு உங்களுக்கு, எஜமானர் மாதத்தில் பதினைந்து நாள் உங்களோடு, பதினைந்து நாள் என்னோடு. கல்லூரி நாட்களில் இதை மேடையில் பார்த்தபோது எங்கள் வரிசையே சிரித்தது, நானும்தான். அவள் கேலி பேசவில்லை, நிஜமாகவே நியாயமாகப் பங்கு பிரிக்கிறாள் என்பது அன்று ராத்திரி தட்டு கழுவும்போதுதான் உறைத்தது (அண்ணன் தட்டையும் சேர்த்துத்தான் கழுவினேன்).

தானும் ஓர் அடிமைதான் என்று புரிய சரிதாவுக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. அப்புறம் கணவனுக்கு வேலை போகிறது, அந்த நேரத்தில் அவனை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, ஆனால் என்றாவது ஒருநாள் அடிமையாக இருப்பதை நிறுத்திவிடுவேன் என்று தெளிவாகத்தான் இருக்கிறாள். புரிந்த மறுநிமிடமே பெட்டியைக் கட்டினால்தான் விழிப்பு என்று யார் சொன்னது?

1967-ல் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே' (அமைதி! கோர்ட் நடக்கிறது) இன்னும் கசப்பு. ராத்திரி நாடகம் போட வந்த ஒரு குழுவினர், விளையாட்டு விசாரணை என்று தொடங்கி, தங்களில் ஒருத்தியான மணமாகாத ஆசிரியை பேனாரேயின் கர்ப்பத்தைச் சந்திக்கு இழுக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குக் காரணமான பேராசிரியர் அங்கே இல்லவே இல்லை, அவரைக் கேட்பாரும் இல்லை. தன் தரப்பைச் சொல்ல அவளுக்குத் தருவது பத்து விநாடி. சுற்றி எல்லாரும் உறைந்து நிற்க, அவள் தன் வாழ்க்கையையே கொட்டித் தீர்க்கிறாள். ஜட்ஜ் நாற்காலியில் இருப்பவர் காதில் அதில் ஒரு சொல்லும் விழவில்லை. நேரம் முடிந்தது என்கிறார். தாய்மை புனிதம் என்று பேசிய அதே வாயால் வயிற்றுக் குழந்தையை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் தருகிறார்.

பிறகு, எல்லாம் விளையாட்டுக்குத்தானே என்று ராத்திரி நாடகத்துக்குத் தயாராகிறார்கள் எல்லாரும். இதில் தோற்றது பேனாரே என்று கட்டுரையாளர் எதை வைத்துச் சொன்னாரோ!

இப்படிக்கு,
ஒரு வாசகி