சித்தப்பா இறங்கிய கிணறு

அன்புள்ள தம்பிக்கு,

குடும்ப வரலாற்றுக்காக நீங்கள் அனுப்பிய குறிப்பில், 16 வயதில் போன சித்தப்பாவுக்கு ஒரே வரிதான்: ‘கிணற்றில் தவறி இறந்தார்.’ பாட்டி சொன்னதை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். முனி அடித்தது, உடம்பில் காயமில்லை, வயிற்றில் தண்ணீரில்லை, உதடும் நகமும் செக்கச்செவேல் என்றிருந்தன, தூக்கப்போன பங்காளியும் பாதிப் படியில் மயங்கிச் சரிந்தார். முனியை நம்ப வேண்டாம். மற்றதை மேலே கொண்டுவாருங்கள்.

உங்கள் வீட்டுக் கதையே கிணற்றின் ஆழத்தோடு நகர்கிற கதை. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் கீழே போனால் வடத்தை நீட்டினால் தீர்ந்தது. ஆயில் இன்ஜின் வந்ததும் அந்த வசதி போயிற்று. பம்பு வெற்றிடத்தைத்தான் உண்டாக்கும். தண்ணீரைக் கீழிருந்து தள்ளுவது காற்றின் அழுத்தம். அது தள்ளும் உயரம் கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 25 அடி தாண்டுவதே அபூர்வம். 60 அடிக் கிணற்றில் கோடைத் தண்ணீர் அடியில் கிடந்தால் பம்பை 35 அடிக்குக் கீழே இறக்கியாக வேண்டும். இன்ஜினும் கூடவே இறங்கும். சுவரில் குழி வெட்டி, கர்டர் என்கிற இரும்பு உத்தரத்தைச் செருகி, மேலே பலகை போட்டு உட்கார வைப்பார்கள்.

புகைக்குழாயை வெளியே வரை நீட்டினாலும் இணைப்புகளில் கசியும். இரண்டு மணி நேரம் ஓடினால் காற்றோட்டமில்லாத கிணற்றில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். காற்றில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் ஆள் விழுந்துவிடுவான். அப்படிப் பற்றிய ரத்தம் பளீரென்று சிவக்கும். கறுத்த உடம்பில் அது உதட்டிலும் நகத்திலும்தான் தெரியும். எல்லோர் உடம்பிலும் அது தென்படும் என்றில்லை. ஆனால் அந்தச் சிவப்பு, வயிற்றில் தண்ணீரின்மை, பின்னால் இறங்கியவரின் மயக்கம் மூன்றும் சேரும்போது நான் புகையைத்தான் சந்தேகிப்பேன்.

ஏன் இறங்கினான்? குழாயின் அடிமுனையில் தண்ணீரை வடியவிடாமல் பிடிக்கும் ஃபுட்வால்வில் தூசி சிக்கினால் குழாய்த் தண்ணீர் வடிந்து பம்பு காற்றை இழுக்கும். இன்ஜினை நிறுத்தி, ஆள் இறங்கி, சாணித் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பி, மறுபடி ஹேண்டில் அடிக்க வேண்டும். நின்ற இன்ஜின் என்றுதான் நினைத்திருப்பான், புகை நின்றிருக்காது. அவனை அனுப்பியது யார் என்று துருவாதீர்கள். படியில் சுருக்காக இறங்குகிற பையனைத்தான் எல்லா வீட்டிலும் அனுப்பினார்கள்.

‘அரிக்கேன் விட்டுப் பார்த்தோம், அணையவில்லை’ என்று பெரியப்பா சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் விளக்கு அணையும். இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும்.

வருஷத்தைப் பிடிக்க முதலில் வில்லங்கச் சான்று போடுங்கள். இன்ஜினுக்கு நிலவள வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அடமானம் அதில் ஏறியிருக்கும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கல், பசலி என்கிற வருவாய்த்துறை ஆண்டில் இருக்கும், 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. கிராம முன்சீப் எழுதிய இறப்புப் பதிவின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். காவல் நிலையத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில், அதாவது இயற்கையல்லாத மரணம் என்று, விசாரணை நடந்திருக்கலாம், ஆனால் அவ்வளவு பழைய கோப்புக் கட்டைக் கழித்திருப்பார்கள். அங்கே அலைய வேண்டாம்.

இதையெல்லாம்விட, கிணறு இன்னும் மூடாமல் இருக்கிறதே. எதிரெதிர்ச் சுவரில் கர்டர் செருகிய சதுரக் குழிகள் தெரியும். அவை எத்தனை அடியில் என்று பாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம். கல் கட்டிய கயிற்றை மேலிருந்து விட்டு, குழிக்கு நேரே வந்ததும் விளிம்பில் முடிச்சுப் போட்டு அளந்தால் போதும்.