கடைசி 12 பக்கங்கள்

சரித்திர மர்ம நாவல் எழுதுகிறவர்களுக்கும் அவற்றைப் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை வைத்து எழுதப்பட்ட ஒரு நாவலைப் போன வாரம் படித்து முடித்தேன். பெயர் வேண்டாம்; எழுதியவர் மனம் நோக வேண்டும் என்பது என் எண்ணமில்லை. 400 பக்கம் வரை கீழே வைக்க முடியவில்லை. கடைசி 12 பக்கத்தில் மனசே விட்டுப்போனது.

கதை உடையார்குடிக் கல்வெட்டிலிருந்து கிளம்புகிறது. முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வந்த ஆணை அது. சோமன், அவன் தம்பிகள் ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, உறவினர் சொத்து உட்பட எல்லாவற்றையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கொலை எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல இடம் வேறென்ன வேண்டும்?

அந்தச் சொத்துகளைக் கணக்கெடுக்க வரும் ஓலை எழுதும் இளைஞன்தான் நாயகன். ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி, "தொட்டிலையும் எழுதிக்கொள்வாயா, தம்பி?" என்று கேட்கிறாள். அவன் எழுத்தாணி அப்படியே நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

அப்புறம் அந்த விளக்கு வருகிறது. இளவரசன் ஆன்மா சாந்தியடைய யாரோ, நெய்க்காக 96 ஆடுகள் கொடுத்து, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்த்தால், கொலைக்கு நான்கு நாள் முந்தையது! அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ராஜராஜனுக்கு முன் உத்தம சோழன் ஆண்ட ஏறக்குறைய 15 ஆண்டுகளில் ஏன் யாரும் தண்டிக்கப்படவில்லை என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டதும், வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்ததும் கதைக்குள்ளேயே எதிரொலித்தன.

முடிவில் என்ன ஆனது? அதுவரை எங்கும் தலைகாட்டாத ஒரு முதியவர் சாகும் தறுவாயில் நான்தான் செய்தேன் என்கிறார், சாகிறார். சரி, அந்த ஆடுகள்? ஒரு வார்த்தை இல்லை. அந்த இளைஞன் 400 பக்கம் அலைந்து கண்டுபிடித்த எதுவும் அந்த வாக்குமூலத்துக்குத் தேவைப்படவே இல்லை.

வரலாறு விடை சொல்லாத இடத்தில் நீங்களும் சொல்லாமல் விடலாம். கல்கி 'பொன்னியின் செல்வ'னில் கொன்றது யார் என்று அடித்துச் சொல்லவில்லை. இன்றும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அல்லது துணிந்து ஒருவரைச் சுட்டுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் 50ஆம் பக்கத்திலேயே என் கண்முன் நடமாடியிருக்க வேண்டும். முடிவைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கையில், 'அடடா, இங்கேயே இருந்ததே' என்று எனக்குத் தோன்ற வேண்டும்.

பதிப்பாளர்களே, கல்வெட்டு வாசகத்தைச் சரிபார்க்க ஆள் வைக்கிறீர்கள், நல்லது. கதையில் போட்ட முடிச்சுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எது அவிழ்ந்தது, எது அவிழவில்லை என்று பார்க்கவும் ஒருவரை வையுங்கள். இந்த நாவலுக்கு அடுத்த பதிப்பு வந்தால் கட்டாயம் வாங்குவேன். பென்சில் கோட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அந்த 96 ஆடுகளைக் கொடுத்தது யார்?

அன்புடன்,
ஒரு வாசகர்