பிக்கிள்பால் ஆட வர்றவங்க ஷட்டில் சர்வை மறக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பிக்கிள்பால், அதான் ஷட்டில் கோர்ட் அளவு இடத்துல பேட்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாலும் வெச்சு ஆடுற ஆட்டம், அது பத்தி பேப்பர்ல அப்பப்ப நியூஸ் வருது, எங்க புதுசா கோர்ட் திறந்திருக்காங்க, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்குறாங்கன்னு எல்லாம் போடுறீங்க, சந்தோஷம். ஆனா சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து ஆடுறவங்க, ரிட்டயர் ஆகிட்டு உடம்புக்காக ஆடுறவங்க, இவங்களுக்கு உபயோகமா ஒண்ணும் வர்றதில்லை. அதனால சர்வ் பத்தி மட்டும் எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன், இடம் இருந்தா போடுங்க.

எங்க பக்கம் இதுக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் முன்னாடி ஷட்டில் ஆடினவங்க, முட்டி போச்சு தோள் போச்சுன்னு இங்க வந்து சேர்ந்தவங்க. கோர்ட்டும் அதே 44க்கு 20 அடிதான், 1965ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல இதைக் கண்டுபிடிச்சவங்களே ஒரு வீட்டு ஷட்டில் கோர்ட்டுல வெச்சுதான் ஆரம்பிச்சாங்க. அதனால சர்வும் அதே மாதிரிதான்னு கை தானா நெட்டை ஒட்டி மெதுவா தட்டி விடுது. ஷட்டில்ல அது சரி, கொஞ்சம் தூக்கிப் போட்டா எதிர்ல இருக்கிறவர் ஸ்மாஷ் அடிச்சு முடிச்சிடுவார். இங்க அந்த பயமே வேணாம், ஏன்னா சர்வ் தரையில ஒரு தடவை குத்தின பிறகுதான் அவர் அடிக்கவே முடியும், அப்புறம் அவர் திருப்பி அனுப்புறதையும் நாம ஒரு குத்து விட்டுதான் எடுக்கணும். அந்த கேப்ல அவர் ஓடி வந்து கிச்சன் கோட்டுல, அதாவது நெட்டை ஒட்டி இருக்கிற கட்டத்தோட கோட்டுல நின்னுடுவார். நீங்க ஷார்ட்டா போட்டீங்கன்னா அவரை ஓட வேண்டிய வேலை கூட இல்லாம முன்னாடி கூப்பிட்டு உட்கார வெச்ச மாதிரி ஆகுது. கடைசி கோட்டுக்கிட்ட குத்தினா அவர் பின்னாடி நின்னு அடிச்சிட்டு முழு தூரமும் ஓடணும், அறுபது வயசு முட்டிக்கு அது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

எங்க குத்தணும்னு கேட்டா ஷட்டில் கோடு போட்ட கோர்ட்டுல ஆடுறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. கடைசி கோட்டுக்கு ரெண்டரை அடி உள்ள ஷட்டில் டபுள்ஸ் சர்வுக்குன்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க இல்லையா, அதை குறி வெச்சுப் போடுங்க. கொஞ்சம் லாங்கா போனாலும் ரெண்டரை அடி மிச்சம் இருக்கு, கொஞ்சம் குறைஞ்சாலும் நல்ல சர்வ்தான். இதுல ஒரு தகராறும் வரும், பழைய பழக்கத்துல அந்தக் கோட்டைத் தாண்டினதும் "அவுட்"னு கத்துவாங்க, கத்தட்டும், பிக்கிள்பாலுக்கு அந்தக் கோடே கிடையாது, கடைசி கோட்டுல பட்டாலும் இன் தான். முன்னாடி கோடு மட்டும் வேற கதை. ஷட்டில்ல அது நெட்டுலேர்ந்து ஆறரை அடி, கிச்சன் ஏழு அடி, அரை அடிக்கு கலர் டேப் ஒட்டிக்கிட்டா சண்டை இல்ல. சர்வ் கிச்சன் கோட்டுல பட்டா ஃபால்ட். நெட்டுல உரசிட்டு சரியான கட்டத்துல விழுந்தா 2021லேர்ந்து ஆட்டம் தொடரும், டென்னிஸ் ஆடினவங்க "லெட்"னு கையைத் தூக்கிட்டு நிக்கக் கூடாது.

இன்னொண்ணு, இதுல ரெண்டாவது சர்வ் கிடையாது, வழக்கமான ஆட்டத்துல சர்வ் போடுற டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட். அப்போ நெட்டுல அடிக்கிற ஒவ்வொரு சர்வும் பாயிண்ட் எடுக்கிற சான்ஸை நாமளே தூக்கிக் குடுக்கிறதுதான். நம்ம பசங்க யூடியூப் பார்த்துட்டு வேகமா ஸ்பின்னோட போடணும்னு பத்துல நாலை வெளிய அடிக்கிறாங்க, அதுக்கு பதிலா நெட்டுக்கு மேல தாராளமா மூணு அடி உயரத்துல வளைஞ்சு போற சாதா சர்வ் எவ்வளவோ மேல். விரலால பாலை சுத்தி விட்டு அடிக்கிறது 2023லேர்ந்து தடை, அதையும் சில பேர் இன்னும் ஸ்டைலா பண்ணிட்டு இருக்காங்க.

கை நடுங்குறவங்க, டைமிங் வராதவங்க டிராப் சர்வ் போடுங்க. பாலை அப்படியே கையை விட்டு கீழ போடணும், அழுத்தி எறியவோ மேல தூக்கிப் போடவோ கூடாது, எழும்பினதும் அடிக்கணும். தோள் உயரத்துலேர்ந்து விட்டாலும் அது முட்டி அளவுதான் எழும்பும், அதனால முட்டியை மடக்கி காத்திருக்கணும், நிமிர்ந்து நின்னு குனிஞ்சு தேடினா பேட் நுனியில பட்டு பக்கத்து கோர்ட்டுக்குப் போயிடும். இதுக்கு இடுப்புக்கு கீழ அடிக்கணும், பேட் மணிக்கட்டுக்கு கீழ இருக்கணும்கிற விதி எல்லாம் கிடையாது. எந்த சர்வா இருந்தாலும் மணிக்கட்டை சொடுக்காம தோள்லேர்ந்து கீழிருந்து மேல கை போகட்டும், உடம்பு வெயிட் பின் காலிலேர்ந்து முன் காலுக்கு வரட்டும். ஆனா பால்ல பேட் படுற வரைக்கும் கடைசி கோட்டை மிதிக்கக் கூடாது, ஷட்டில் மாதிரி உள்ள நின்னு போடுற ஆட்டம் இல்ல இது. போட்ட உடனே முன்னாடி ஓடாதீங்க, உங்க காலடியிலயே ரிட்டர்ன் வந்து விழும்.

வலது கை ஆட்டக்காரர் வலது பக்கக் கட்டத்துல நின்னா அவரோட பேக்ஹேண்ட் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும், அங்க போடுறது ஈஸி. இடது கட்டத்துல பேக்ஹேண்ட் சைடு கோட்டை ஒட்டி வரும், அது ரிஸ்க், பழகுற வரைக்கும் நடுவுல ஆழமா போட்டா போதும். சென்னையில மொட்டை மாடி கோர்ட்ல ஆடுறவங்க சாயங்கால கடல் காத்தையும் கணக்குல வெச்சுக்கணும், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பால், காத்து எங்க தள்ளுதோ அங்க போகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். விளையாட்டு பக்கத்துல ஒரு நாள் கோர்ட் படத்தை அளவோட தமிழ்ல போடுங்க, கட் பண்ணி கோர்ட் கேட்டுல ஒட்டி வெச்சுக்குவோம். எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும், எங்க செட்ல பாதி பேர் படிக்கிற கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டுதான் வர்றாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை