நடிகர்கள் பேசட்டும்

ஆசிரியருக்கு,

திரைக் கலைஞர்கள் அரசியல் கருத்துச் சொல்வதைத் தவிர்க்கலாம் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். வாக்களிக்கிற, வரி கட்டுகிற ஒருவருக்கு நடிகர் என்பதாலேயே வாய்ப்பூட்டு போடுவது சரியல்ல. அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று திரையுலகத் தொடர்புள்ளவர்களை முதல்வர்களாக்கிய மாநிலத்தில் இந்த அறிவுரை கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.

2019 ஜூலையில் வரைவு தேசியக் கல்விக் கொள்கையை நடிகர் சூர்யா விமர்சித்தபோது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியராக நான் கண்டது வேறு. எங்கள் பெற்றோர் கூட்டத்தில் சத்துணவு, சீருடை தாண்டிப் பேச்சு போகாது. அந்த முறை பூ விற்கும் ஓர் அம்மா எழுந்து, “மூணாங் கிளாஸ் புள்ளைக்கும் பரீட்சை வைக்கப் போறாங்களாமே, நிசமா சார்?” என்றார். 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு என்று வரைவில் இருந்தது உண்மைதான். 484 பக்க ஆங்கில வரைவை அவர் எங்கே படித்திருக்கப் போகிறார்! ஆகவே, பிரபலங்களின் கருத்தை வெளியிடும்போது, அவர்கள் குறிப்பிடும் சட்டம் அல்லது திட்டத்தின் உரிய பகுதியையும் பக்கத்திலேயே பெட்டிச் செய்தியாகத் தமிழில் தர வேண்டுகிறேன்.

- அரசுப் பள்ளி ஆசிரியர், மன்னார்குடி